வீட்டுப்பேர் கேட்டார்கள்

நான் சாமி கும்பிடாதவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் கணவரின் அக்கா, நான் கோவிலில் போய்ச் சாமியோடு சண்டை பிடித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கதை வந்துவிடும். அவர் சொல்லும் கதையில் நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாதிரியாரின் நோட்டைப் பிடுங்கியிருப்பேன். நான் தலையை விரிக்கவில்லை. நோட்டைப் பிடுங்கவும் இல்லை. அதன் மேல் விரலை வைத்தேன், அவ்வளவுதான். சண்டையும் சாமியோடு இல்லை. யாரோடு என்று படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது மலையாள எல்லைக்குள், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு களத்தில் எங்களுக்கு வேலை. களம் என்றால் நெல் அடிக்கிற இடம் என்றுதான் மற்ற ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் நிலக்காரரின் வீடு, மாட்டுத்தொழுவம், கிணறு, தென்னந்தோப்பு எல்லாம் சேர்ந்ததுதான் களம். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு பேர் உண்டு. எங்களுடையது பெரிய களம். பாருங்கள், 'எங்களுடையது' என்று இன்றைக்கும் கை தானாக எழுதுகிறது. அது எங்களுடையது இல்லை. நாங்கள்தான் அதனுடையவர்களாக இருந்தோம்.

என் மாமனாரின் அப்பா அந்தக் களத்தில் மாடு மேய்த்தார். மாமனார் ஏர் பிடித்தார். என் கணவர் ஏரும் பிடித்தார், கிணற்று மோட்டார் போடவும் கற்றுக்கொண்டார். சந்தையானாலும் ஆஸ்பத்திரியானாலும் எங்களைப் போன்ற ஆட்களிடம் முதலில் கேட்கிற கேள்வி, 'எந்தக் களம்?' என்பதுதான். பேரைக் கேட்க மாட்டார்கள். 'பெரிய களமுங்க' என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்காது.

நான் கல்யாணமாகி வந்த பிறகுதான் சட்டம் வந்தது. குடிசை போட்டிருந்தவர்களுக்கு அது நின்ற பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். கொடி பிடித்தார்கள், கூட்டம் போட்டார்கள், களத்துக்காரர் கோர்ட்டுக்குப் போனார், கடைசியில் நிலத்துக்கான பட்டயம் எங்கள் கைக்கு வந்தது. வேலியை நானே கட்டினேன். என் கணவரோ பட்டயம் வந்து ஆறு மாதம் கழித்தும், எங்கள் பத்து சென்ட்டுக்குள் நின்ற முருங்கை மரத்தில் ஒரு கிளை ஒடிக்க, களத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"ஏனுங்க, நம்ம மரத்துக்கு அவியகிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?" என்றேன்.

"கேட்டா என்ன கொறஞ்சா போச்சு? கம்முனு இரு" என்றார்.

நல்ல மனிதர். ஒரு நாள் என்மேல் கை நீட்டியதில்லை. ஆனால் பட்டயம் பெட்டிக்குள் வந்த வேகத்தில் அவர் நாக்குக்குள் வரவில்லை.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள், ஒன்று மூன்று மாதம். மூன்றாவது பெண். பிறந்தவுடன் வழக்கப்படி அவளை முறத்தில் கிடத்தினோம். பக்கத்துக் குடிசைக்காரி ஒரு படி தவிடு கொடுத்து அவளை வாங்கிக்கொண்டு, உடனே என் மடியில் திருப்பிப் போட்டாள். தவிட்டுக்கு விற்ற பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையும் நம்புவாள். நானும் நம்பினேன். ஆனாலும் நாற்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

கணவரின் அக்காவை மலையடிவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டி ரப்பர் வைத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே நிறைய. அவர்களுடைய தோட்டத்தில் அவருக்குக் களை வெட்டும் வேலை. காய்ச்சல் சேதி கேட்டு ஓடி வந்தவர், அங்கே உடம்பெல்லாம் அம்பு பாய்ந்த ஒரு புனிதருக்குக் கோவில் இருக்கிறது, புண்ணியாளர் என்று சொல்வார்கள், கேட்டதைக் கொடுப்பார் என்று சொல்லிக் குழந்தையின் கையில் மஞ்சள் நூல் கட்டினார். "பொழைச்சா உங்ககிட்டக் கொண்டாந்து வெச்சு எடுக்கறமுங்க" என்று தெற்கே பார்த்துக் கும்பிட்டார். காய்ச்சல் இறங்கியது. கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரி மருந்தும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

'வெச்சு எடுக்கறது' என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். "சாமிக்கு முன்னால படியில உக்கார வெப்பாங்க. அச்சன் தலைமேல துணியை வெச்சு மந்திரம் சொல்லுவாரு. அப்பறம் நாம எடுத்துக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை அச்சன் என்றுதான் சொல்வோம். தவிட்டு விவகாரம் போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக்காரப் பெண்கள் சொன்னதை அப்படியே வந்து சொன்னார்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். விடிவதற்குள் புளிச்சோறு கிளறி, வாழையிலையில் கட்டி, கோவிந்தாபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். என் கணவர் கல்யாணச் சட்டையைப் போட்டிருந்தார். குழந்தை பஸ் முழுக்க எல்லோருடைய முகத்தையும் பார்த்து 'தா, தா' என்று கை நீட்டிக்கொண்டே வந்தாள். எதைக் கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள். நெம்மாறையில் அக்கா எங்களுக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ரப்பர் காட்டுக்குள் ஒரு மணி நேர நடை.

எங்கள் ஊரில் நிழல் என்றால் புளியமரத்தைத் தேடிப் போக வேண்டும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நிழல். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் பால் வடிய ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளை உடுத்த கிறிஸ்தவப் பெண்கள், எங்களைப் போலப் பொட்டு வைத்தவர்கள், தலையில் துணி போட்ட ஒரு முஸ்லிம் அம்மாவும் பேரனும். ஒருவர் முழங்காலில் நடந்தார். ஒருத்தி மகனின் எடைக்கு மிளகு சுமந்து வந்தாள். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. வேண்டுதல் இருக்கிறவர்களுக்குள் மேல் கீழ் கொஞ்சம் குறைவுதான். குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சந்தோஷமாகவே நடந்தேன்.

கோவில் பெரியது ஒன்றுமில்லை. ஓடு போட்ட நீளமான கட்டிடம், முன்னால் கல் சிலுவை, அதைச் சுற்றி மெழுகுவர்த்தி. வாசலில் தட்டில் வெள்ளி பூசிய சின்னச் சின்ன அம்புகளை வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு கோவிலைச் சுற்றி வந்து திருப்பி வைக்க வேண்டும். நான் அம்பை எடுத்துக்கொண்டு சுற்றினேன். குழந்தை அதைப் பிடுங்கிக் கடித்தாள். புண்ணியாளரைப் பார்த்தேன். மரத்தில் கட்டி வைத்து, அம்பு விட்டு, ரத்தம் வழிய நிற்கிற பையன். களத்தில் அந்தக் காலத்தில் ஆட்களைத் தென்னையில் கட்டி வைப்பார்கள் என்று மாமனார் சொன்னது ஞாபகம் வந்தது. இவன் நம்ம ஆள் என்று தோன்றியது. பயபக்தியோடு இல்லை, பாசத்தோடுதான் கும்பிட்டேன்.

பக்கத்துத் தாழ்வாரத்தில் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் கப்பியார், அதாவது கோவில் வேலைகளைக் கவனிக்கிறவர், ஒரு பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைகளோடு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். என் கணவர் முன்னால், அவருக்குப் பக்கத்தில் அக்கா, பின்னால் குழந்தையோடு நான். எங்கள் முறை வந்ததும் கப்பியார் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"குட்டியுடெ பேரு?"

என் கணவர் குழந்தையின் பேரைச் சொன்னார்.

"அப்பன்றெ பேரு?"

சொன்னார்.

"வீட்டுப்பேரு?"

அங்கேதான் நின்றார். மலையாளிகளுக்கு வீட்டுக்கொரு பேர் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எங்கே போனாலும் அந்தப் பேர் முன்னால் நிற்கும். எங்களைப் போன்றவர்களின் குடிசைக்கு யார் பேர் வைத்தார்கள்? கப்பியார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை, கொஞ்சம் எரிச்சலோடு, "வீட்டுப்பேரு, வீட்டுப்பேரு" என்றார். என் கணவரின் கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்தது. முதுகு தானாக வளைந்தது.

"பெரிய களமுங்க" என்றார்.

கப்பியார் எழுதினார்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். நான் படித்த வருஷங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியார் வரவே இல்லை. அதனால் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்து பிற்பாடு என் மகள் படிக்கும்போது அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கண்ணில் பட்டதைப் படிக்காமல் விட மாட்டேன். எட்டிப் பார்த்தேன். என் மகளின் பேர். அதற்கு அடுத்து, பெரிய களம். என்ன இது என்று பக்கத்தின் தலைப்பைப் பார்த்தேன். கோடு போட்டு, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அ. டி. ம.

மறுபடியும் கூட்டினேன். அதேதான் வந்தது.

எங்கள் களத்திலும் ஒரு நோட்டு இருந்தது. சின்ன வயதில் களத்து வாசலைப் பெருக்கும்போது ஒரு தடவை அது திறந்து கிடந்ததாக என் கணவர் சொல்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாராம். இந்தப் பக்கம் காளைகள், அந்தப் பக்கம் ஆட்கள். இரண்டிலும் நிறம், வயது எல்லாம் போட்டிருந்ததாம். இதை அவர் வேடிக்கைக் கதையாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை.

நான் நோட்டின் மேல் விரலை வைத்தேன்.

"இதை அடிச்சுப்போடுங்க" என்றேன்.

கப்பியார் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எந்தா?"

"எம்பொண்ணை அடிமைன்னு எழுதியிருக்கறீங்க. அடிச்சுப்போடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அது இவ்விடத்து வழக்கம், எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் எழுதுவது, புண்ணியாளருக்கு அடிமை வைத்தால் ஒரு தீங்கும் அண்டாது என்று மலையாளத்தில் வேகவேகமாகச் சொன்னார். வரிசை நெளிந்தது. அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சாமி காரியத்துல வாய வெக்காத. வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதான். செய்யாமப் போனா புண்ணியாளர் கேக்காம இருப்பாரா?"

"வெச்சு எடுக்கறதுன்னுதானக்கா சொன்னீங்க. அடிமைன்னு சொல்லலீங்களே."

"எல்லாம் ஒண்ணுதான். பொறந்தன்னிக்குத் தவிட்டுக்கு வித்தவதான நீ? அப்ப எங்க போச்சு இந்த ரோசம்?"

நியாயமான கேள்வி. அக்கா லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் பதில் தயாராக இருந்தது.

"வித்தேன், அப்பவே வாங்கிட்டேன். எழுதுனதை ஆருக்கா திரும்ப வாங்கறது?"

எங்களுக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண், கையில் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தையின் காலில் தங்கக் கொலுசு. நல்லவள். சண்டையை ஆற்ற வேண்டும் என்றுதான் முன்னால் வந்தாள். அவளையும் அவளுடைய அண்ணன் தம்பிகளையும் சின்ன வயதில் இதே படியில்தான் அடிமை வைத்தார்களாம், அவளுடைய மூத்த பிள்ளைகளையும் வைத்தாயிற்றாம், இது நாலாவதாம். "பேடிக்கண்டா சேச்சி, அது ஒரு வாக்கு மாத்திரம்" என்றாள். பயப்படாதே அக்கா, அது வெறும் வார்த்தைதான் என்று அர்த்தம்.

"உங்களுக்கு அது வார்த்தைங்க" என்றேன். "எங்களுக்கு அது வேலைங்க."

அவளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு தோன்றியது. ஆனால் திரும்பச் சொல்லச் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன். அவள் அந்தப் படியில் பிள்ளையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனால், வாசலில் ஜீப் நிற்கும். வார்த்தை அங்கேயே படியில் இருந்துவிடும். நான் எடுத்துக்கொண்டு போனால் வார்த்தை என்னோடு பஸ் ஏறும். கோவிந்தாபுரத்தில் இறங்கும்போது 'எந்தக் களம்' என்று ஒருவன் கேட்பான்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்குப் பயம் இருந்தது. கப்பியாரைக் கண்டு இல்லை, அக்காவைக் கண்டும் இல்லை. இரண்டு பிள்ளைகளைக் குழிக்குள் வைத்தவள் நான். இவளுக்கு நாளைக்கே காய்ச்சல் வந்தால்? ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே என்னைச் சொல்வேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்மினாள். அம்பு பாய்ந்த அந்தப் பையனை மனதுக்குள் கூப்பிட்டு, 'உன்னைக் கட்டி வெச்ச மாதிரி நீயும் எம்பொண்ணைக் கட்டி வெப்பியா, சொல்லு' என்று கேட்டேன். வைப்பாய் என்றால் நீ சாமியே இல்லை என்றும் சொன்னேன். சாமியோடு நான் பேசியது இவ்வளவுதான். இதைச் சண்டை என்றால் சண்டை.

சத்தம் கேட்டு அச்சன் வந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடி, வெள்ளை அங்கியின் மார்பில் டீக்கறை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்த ரகம் என்று நினைத்துத்தான் நான் கால்களை ஊன்றி நின்றேன். அவர் கோபப்படவில்லை. கப்பியார் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தமிழும் மலையாளமும் கலந்து என்னிடம் பேசினார்.

"மோளே, தெய்வத்துக்கு முன்னாடி நாம எல்லாரும் அடிமைதானல்லோ?"

"நீங்களுமுங்களா?"

"ஞானும்தான். ஒரு வயசுல எங்கம்மச்சி என்னெயும் அடிமை வெச்சதாக்கும்."

"அன்னிக்கு உங்களுக்கு வீட்டுப்பேர் என்னன்னுங்க எழுதுனாங்க?"

அவர் தன் வீட்டுப்பேரைச் சொன்னார். சொல்லும்போது அவரை அறியாமல் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. நாலைந்து தலைமுறை பழைய வீடாக இருக்க வேண்டும்.

"அது உங்க ஊடுங்களா, இன்னொருத்தர் ஊடுங்களா?"

அவருக்கு விளங்கவில்லை. நான் நோட்டில் வைத்த விரலை எடுக்காமல், என் கணவரைக் காட்டிச் சொன்னேன். "இது எங்க ஊட்டுப் பேரில்லீங்க. இவிய வேலை செய்யற எடத்தோட பேருங்க. இவிய அப்பனும் பாட்டனும் அங்கதான் கெடந்தாங்க. மேல அடிமைன்னு போட்டிருக்குது, கீழ எம்பொண்ணு பேரு, பக்கத்துல களத்துப் பேரு. மூணையும் சேத்து ஒருக்காப் படிச்சுப் பாருங்க அச்சா. புண்ணியாளருக்கு எழுதுன மாதிரியா இருக்குது?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து படித்தார். உதடு அசைந்தது. பிறகு கப்பியாரின் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் மகளின் பேர் மேல் ஒரு கோடு, களத்தின் பேர் மேல் ஒரு கோடு போட்டார். இரண்டாவது கோட்டை இரண்டு தடவை போட்டார். நோட்டைத் தள்ளி, பின்பக்கமாகத் திருப்பினார். அங்கே வேறு தலைப்பில் வேறு பேர்கள் இருந்தன. ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தது.

"அடிமை வேண்டா. ஆசீர்வாதம் மதி" என்று, அதாவது ஆசீர்வாதமே போதும் என்று கப்பியாரிடம் சொல்லிவிட்டு, மணி அடித்ததால் உள்ளே போனார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் கப்பியாருக்கு ஆசீர்வாதமானாலும் மூன்று கேள்விதான். பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். குழந்தையின் பேரையும் அப்பனின் பேரையும் எழுதினார்.

"இனி சரியாயிட்டுப் பறயு. வீட்டுப்பேரு?" என்று, இந்தத் தடவையாவது சரியாகச் சொல்லச் சொன்னார்.

நான் பதில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நாலைந்து பேர் வந்து நின்றன. குலசாமி பேரைச் சொல்லலாம், என் அம்மாவின் ஊரைச் சொல்லலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பட்டயத்தை வாங்கியது நான், வேலி கட்டியது நான், நோட்டில் விரல் வைத்தது நான். இதையும் நானே சொன்னால் இந்த மனிதர் ஆயுசுக்கும் பெரிய களத்திலேயே குடியிருப்பார். அவருக்காக ஒரு வேலையையாவது நான் செய்யாமல் இருக்க வேண்டும். மறுபடியும் களத்தின் பேரைச் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்துவிடுவது என்று முடிவு செய்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்திருப்பேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்காவைப் பார்த்தார். அக்கா, "ஏதாச்சும் சொல்லித் தொலைடா" என்றார். வரிசையில் யாரோ செருமினார்கள். அவர் கையில் பிடித்திருந்த துண்டைப் பார்த்தார். இது எப்படிக் கைக்கு வந்தது என்பது போல அதைத் திரும்பத் தோளில் போட்டார்.

"எங்க ஊடுங்க" என்றார்.

"ஏது?"

"எங்க ஊடு. எங்க ஊடுதானுங்க."

கப்பியார் இந்தத் தடவை திருப்தியாகத் தலையாட்டினார். தெற்கத்தி மலையாளி, எங்கள் ஊர்த் தமிழ் அவருக்குத் தெரியாது. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுதினார். நான் தலைகீழாகக் கூட்டிப் படித்தேன். எ. ங். க. வூ. டு. எங்கவூடு.

திருத்தட்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன். எதைத் திருத்துவது? எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

உள்ளே போய்ப் பெண்கள் பக்கத்தில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். அக்கா என்னைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். இடி விழுந்தால் தன் மேல் பட வேண்டாம் என்று நினைத்திருப்பார். என் கணவர் அந்தப் பக்கம் ஆண்களோடு தூணோரமாக நின்றார். படியில் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, அச்சன் ஒவ்வொரு தலையிலும் கழுத்துத் துணியின் நுனியை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கொலுசுக் குழந்தை அழுதது. என் மகள் என் மடியில் இருந்தபடி அதைப் பார்த்து 'தா, தா' என்றாள். பாட்டுப் பாடினார்கள். எனக்குப் பாதி புரிந்தது. அம்பு பாய்ந்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் முகத்தில் கோபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுந்து போயிருக்க மாட்டேன்.

கடைசியில் ஆசீர்வாதப் பட்டியலைப் படித்தார்கள். வீட்டுப்பேர் முதலில், குழந்தையின் பேர் பிறகு. அச்சன் மைக்கில் ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் நீள நீளமான மலையாள வீட்டுப்பேர்கள். பேர் வந்ததும் அந்தந்த வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அங்கே முறை.

"எங்கவூடு" என்று படித்தார் அச்சன். பிறகு என் மகளின் பேர்.

களத்தில் காலையில் ஆள் கூப்பிடும்போது குனிந்து நின்று 'ஏனுங்' என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறையாக அந்த ஒரு சொல்தான். என் கணவர் அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இருக்கறமுங்க" என்று தூணோரத்திலிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அச்சன் படிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக, யார் என்று தேடினார். தன் குரல் அவர் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று என் கணவர் நினைத்துவிட்டார். தூணை விட்டு ஓரடி முன்னால் வந்து, கோவில் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

"எங்க ஊடு, இருக்கறமுங்க."